செந்துறைக் கல்லுக்கும் ஒரு பட்டா வேண்டும்

அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் காடுகளில் கல்லாகிப்போன சிப்பி காலில் இடறும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். விசிறி மடிப்பு போன்ற வரிகள் அப்படியே இருக்கும்; உள்ளே சதை இருந்த இடத்தில் கல். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்கு அதுதான் சாட்சி. டைனோசர்கள் அழிந்த காலத்துக்கு முந்தைய பாறையும் பிந்தைய பாறையும் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கின்றன. பிந்தைய அடுக்குக்கு இந்த வட்டாரத்து ஊரான நின்னியூரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இனி, இந்தச் சிப்பியைப் பற்றி ஆராய்ச்சிப் பதிவுகளில் தேடுங்கள். என்ன பெயரைத் தட்டுவீர்கள்? 'அரியலூர்' என்றா? இந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் அறிக்கை வெளியிட்ட ஹென்றி பிளான்போர்டுக்கு இது திருச்சினாப்பள்ளி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001-இல் அரியலூர் மாவட்டம்; 2002-இல் மீண்டும் பெரம்பலூர்; 2007-இல் திரும்பவும் அரியலூர். கல் நகரவில்லை, முகவரிதான் நான்கு முறை மாறியது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் வேறு. போதாததற்குத் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பக்கத்திலும் ஒரு செந்துறை உண்டு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் மீத்தரவு, அதாவது தரவைப் பற்றிய தரவு. நம் ஊர் வழக்கில் சொன்னால் அது நிலத்துக்குப் பட்டா மாதிரி. பட்டாவில் மண் இருக்காது. எந்த சர்வே எண், எவ்வளவு பரப்பு, யார் பெயரில் என்ற விவரம்தான் இருக்கும். அதுபோல எந்த இடம், எந்த அடுக்கு, யார் எப்போது எடுத்தது, மாதிரி இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது மீத்தரவு. இப்படிப்பட்ட மீத்தரவுச் சீட்டுகளை ஒன்றாகத் திரட்டித் தேடித் தருவது பதிவேடு. அமெரிக்காவின் நாசா 1987-லேயே அப்படியொரு பதிவேட்டைத் தொடங்கியது. எல்லோரும் ஒரே சொல்லால் தேட வசதியாகப் பொதுவான சொற்பட்டியல் ஒன்றையும் வளர்த்தது. நம் நாட்டில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 'பூகோஷ்' தளம் இருக்கிறது; 2023 டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் திறக்கப்பட்டது.

சீட்டின் அருமை புரிய வேண்டுமானால் கல்லமேட்டுக் கதையைக் கேட்க வேண்டும். அரியலூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் கிடைத்த ராட்சத டைனோசர் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில் விவரித்தார்கள். முழங்காலுக்குக் கீழான எலும்பு மட்டுமே ஏறக்குறைய இரண்டு மீட்டர். 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். 'பேருடல் பல்லி' என்று பொருள். பிறகு அந்த எலும்புகள் மழை ஈரத்தில் பொடிந்து போயின. இன்று அவை இல்லை. ஊர்ப் பெயர், பாறை அடுக்கு, அளவுகள், வரைபடங்கள், 2022-இல் வெளியான பழைய ஒளிப்படங்கள் ஆகியவைதான் மிச்சம். உலகின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றா இது என்று இன்றும் அறிஞர்கள் வாதிட முடிகிறது என்றால், அந்தக் குறிப்புகளை நம்பித்தான். குறிப்பு இல்லாமல் அலமாரியில் பத்திரமாக இருக்கும் எலும்புக்கு இந்தப் பேறு கிடைக்காது.

ஆகவே செந்துறைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கல்லான சிப்பியையோ நத்தையையோ கண்டால் பெயர்த்தெடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள்; அளவு தெரிய அருகில் ஓர் அடிக்கோலை வையுங்கள். தேதியையும், கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள்.