பிரையனின் கைத்தொலைபேசி எங்கே போகிறது?

உங்கள் கைத்தொலைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று, ‘சாதனத்தின் பெயர்’ என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே உங்கள் சொந்தப் பெயர் இருக்கிறதா? பலருக்கு இருக்கும். முதன்முதலில் இயக்கியபோது அதுவாகவே சேர்ந்திருக்கும். நாம் கவனித்திருக்க மாட்டோம். விண்டோஸ் மடிக்கணினி என்றால் ‘டெஸ்க்டாப்’ என்ற சொல்லும் அதன்பின் பொருளில்லாத ஏழு குறிகளும் இருக்கலாம். கட்டமைப்பில் சேரும்போது இந்தப் பெயர்தான் அதன் ‘ஹோஸ்ட்நேம்’ ஆகிறது.

உண்மையில் கணினிகளுக்குப் பெயர் தேவையில்லை. அவை எண்களைக் கொண்டே ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. பெயர் நமக்காக. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வுக் கழகம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்க முடியாது. கணினிகள் பெருகியபோது இது கட்டுப்படியாகவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் ‘டிஎன்எஸ்’ என்ற முறையை வடிவமைத்தார். நம் வீட்டு முகவரியைப் போன்றது அது. ஒரே புளோக் எண் பல வட்டாரங்களில் இருக்கலாம். சாலையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லை.

பல்கலைக்கழக வளாகத்திலும் விடுதியிலும் மாணவர்கள் தங்கள் கணினிக்குப் பிடித்த பெயரை வைக்க இதனால் வழி பிறந்தது. 1994ல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரின் கணினிகளுக்கும் அகெபோனோ, கொனிஷிகி என்று பெயர். இரண்டும் ஹவாயில் பிறந்து ஜப்பானில் புகழ்பெற்ற சுமோ வீரர்களின் பெயர்கள்! நண்பர்கள் தொகுத்த இணையத்தளப் பட்டியல் ‘அகெபோனோ.ஸ்டான்ஃபர்ட்.இடியு’ என்ற முகவரியில் இருந்தது. அதுதான் பிறகு யாஹூ ஆனது.

பெயர் வைக்கச் சில விதிகள் உண்டு. ஆங்கில எழுத்துகள், எண்கள், இடைக்கோடு மட்டுமே. 63 குறிகளுக்கு மேல் கூடாது. 1990ல் டான் லிப்ஸ் என்பவர் கணினிக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று ஓர் ஆவணமே எழுதினார். சொந்தப் பெயரை வைக்காதீர்கள் என்பது அதில் ஓர் அறிவுரை. ஆளைச் சொல்கிறோமா கணினியைச் சொல்கிறோமா என்ற குழப்பம் வரும் என்பது அவர் கவலை. வேறு சொற்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு கணினிக்கு ‘நேற்று’ என்று பெயர் வைத்துவிட்டு, “நேற்று வேலை செய்யவில்லை” என்று சொல்லிப் பாருங்கள்!

ஆனால் இன்று சொந்தப் பெயரைத் தவிர்க்க அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது.

விடுதி அறையில் மடிக்கணினியைக் கட்டமைப்பில் இணைக்கிறீர்கள். அது உடனே, “எனக்கு ஓர் எண் வேண்டும், என் பெயர் இது” என்று கேட்கிறது. எண் வழங்கும் சர்வர் ஓர் எண்ணைத் தருகிறது. சில வளாகங்களில், அந்தப் பெயரையும் எண்ணையும் டிஎன்எஸ் பதிவேட்டிலும் தானாகவே எழுதிவிடுகிறார்கள். அந்தப் பதிவேட்டில் பெயரைச் சொல்லி எண்ணைக் கேட்கலாம். எண்ணைச் சொல்லிப் பெயரையும் கேட்கலாம். இரண்டாவதில்தான் சிக்கல். ஒரு வளாகத்தின் எண்களை வரிசையாகச் சொல்லி, “இது யார், இது யார்” என்று உலகின் எந்த மூலையிலிருந்தும் கேட்க முடியும். கடவுச்சொல் தேவையில்லை, எதையும் ஊடுருவ வேண்டியதில்லை.

நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ல் இதைத்தான் செய்துகாட்டினார்கள். பல்கலைக்கழகங்கள், நிறுவனங்கள், இணையச் சேவை வழங்குவோர் எனப் பலருடைய கட்டமைப்புகளை ஆராய்ந்தார்கள். சாதனம் வெளியேறினால், பத்தில் ஒன்பது முறை அதன் பதிவு ஒரு மணி நேரத்திற்குள் நீங்கிவிட்டது. அதாவது, பதிவேட்டில் பெயர் இருந்தால் ஆள் அங்கே இருக்கிறார். பெயர் மறைந்தால் கிளம்பிவிட்டார். பிரையன் என்ற பெயர் கொண்ட சாதனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை எப்போது வருகின்றன, எப்போது போகின்றன என்று நாள்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கொவிட்-19 காலத்தில் மக்கள் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அந்தப் பதிவுகளில் தெரிந்தது. ஒரு கட்டடத்தில் திருடச் செல்ல ஏற்ற நேரம் எது என்றுகூடக் கணக்கிட்டுக் காட்டினார்கள்!

அந்தப் பிரையன்கள் தவறு எதுவும் செய்யவில்லை. பெயரை மாற்றாமல் விட்டார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், இதில் முதல் பொறுப்பு கட்டமைப்பை நடத்துபவர்களுடையது. சாதனம் சொல்லும் பெயரை அப்படியே வெளியுலகுக்குக் காட்டாமல், எண்ணிலிருந்து உருவாக்கிய பொதுப் பெயர் ஒன்றைப் பதிவுசெய்தால் போதும். ஆனால் நீங்கள் சேரும் விடுதியில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அகெபோனோ மாதிரி ஒரு பெயரைச் சூட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று என் வகுப்பில் கேட்டார்கள். வைக்கலாம்; ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரி நமக்கு இருக்கிறது. ஆனால் பதிவேட்டுக்குள் அது தமிழாக இருப்பதில்லை. ‘எக்ஸ்என்’ என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு இடைக்கோடுகளும் முன்னால் வர, ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட தொடராக மாற்றிய பிறகே டிஎன்எஸ் அதை ஏற்றுக்கொள்கிறது.