கடல் தரும் எண்கள்

செங்கற்பட்டு மாவட்டத்துப் படூருக்குக் கிழக்கே சிறிது தொலைவில் வங்கக் கடல் விரிந்து கிடக்கின்றது. கோவளத்துக் கரையில் நிற்போர் காண்பது அதன் மேற்பரப்பு மட்டுமே. ஆழத்து நீரின் குளிர்ச்சியையும் உவர்ப்பையும் கருவிகளே அளந்து கூறுதல் வேண்டும்.

அக்கருவிகளுள் சிறந்தது ஆர்கோ மிதவை ஆகும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் உலவுகின்றன. அவை 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு செல்லும். பத்து நாட்களுக்கு ஒரு முறை 2,000 மீட்டர்வரை இறங்கி, அளந்துகொண்டே மேலெழுந்து, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி விடுக்கும். இந்தியப் பெருங்கடலின் அளவீடுகளை ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் திரட்டுகின்றது.

இவ்வாறு குவியும் எண்களை மனிதர் எழுதிப் பார்த்து முடித்தல் இயலாது. அதற்கெனவே கணிப்பொறி மென்பொருள்கள் இயற்றப்பட்டன. ஜெர்மானிய அறிஞர் ரைனர் ஷ்லிட்சர் ஆக்கிய 'ஓஷன் டேட்டா வியூ' எண்களை வரைபடமாக்கிக் காட்டும். வேறு சில மென்பொருள்கள் பிழை தேடும். மிதவை நிலத்தின்மீது நிற்பதாகச் செய்தி வந்ததா? ஓர் எண் மட்டும் அண்டை எண்களினின்று துள்ளி நிற்கின்றதா? ஐயத்திற்குரிய எண்ணின் அருகே ஒரு குறியீடு இடப்படும். 1 என்பது நன்று, 4 என்பது தீது. ஆயினும் முதலில் வந்த எண் அழிக்கப்படுவதில்லை. திருத்தம் அதன் பக்கத்திலேயே எழுதப்படும். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களையும் உடன் காட்டியது இங்கு நினைக்கத்தக்கது.

எனினும் இறுதித் தீர்ப்பைப் பொறியிடமே விட்டுவிடுதல் தகாது. கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கொணரும் நன்னீரால் வங்கக் கடலின் மேல்நீர் உவர்ப்புக் குறைந்தது. பிற கடல்களை மட்டுமே அறிந்தவர் இவ்வுண்மையைப் பிழையெனத் தள்ளிவிடக்கூடும். ஆதலின் இக்கடலின் இயல்பறிந்தோர் மீண்டும் நோக்குகின்றனர்.

கரையோர மக்களின் பிழைப்பும் கடலின் அளவீடுகளைச் சார்ந்துள்ளது. செயற்கைக்கோள் அளக்கும் மேல்நீர் வெப்பத்தையும் பச்சையத்தையும் மென்பொருளால் ஒப்பிட்டு, மீன் திரளக்கூடிய இடங்களை அம்மையம் கணிக்கின்றது. அவ்விடம் எத்திசையில், எத்தொலைவில், எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பது மீனவர்க்குத் தமிழிலும் அறிவிக்கப்படுகின்றது. குறிப்புத் தவறினால் வீணாவது அவர்தம் எரிபொருளும் ஒரு நாள் உழைப்புமாம். அடர்ந்த மேகம் கடலை மறைக்கும் நாட்களில் செயற்கைக்கோளின் பார்வை எட்டாது. அப்பகுதிக்கு மையமும் குறிப்பு வெளியிடுவதில்லை. அப்பொழுது மீனவர் நீரின் நிறத்தையும் பறவைகளின் போக்கையும் பார்த்தே வலை விரிப்பர்.