பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா?

வாகனம் பற்றி எழுத ஒரு மவ்லவிக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். அதுவும் பாதி நாள் கராஜில் நிற்கும். ஆனால் சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன், அஸர் தொழுகை முடிந்த கையோடு ஹவுளடியில் என்னைப் பிடித்துக்கொண்டான். கட்டாரில் ஐந்து வருடம் உழைத்துவிட்டு வந்தவன்.

"ஹஸரத், கார் ஒன்று பார்த்திருக்கிறேன். அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன்."

படத்தைக் காட்டினான். சிவப்பு நிற மஸ்டா எம்.எக்ஸ்-5. துணிக் கூரை, இரண்டே இரண்டு ஆசனம். "உம்மா எங்கே இருப்பா?" என்று கேட்டேன். சிரித்துச் சமாளித்தான்.

இந்தக் கார் 1989ல் வெளிவந்தது. யப்பானில் அதன் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். விளக்குகள் மேலெழும்பித் திறக்கும் அந்த முதல் வகை 1997 வரை செய்யப்பட்டது. 2016ல் எல்லா வகையும் சேர்ந்து பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. பாரம் ஏறக்குறைய 950 கிலோதான். 1600 சீசீ எஞ்சின். ஸ்போர்ட்ஸ் கார்களில் செலவு குறைந்தது என்று பெயர் எடுத்தது இதுதான். செலவு குறைந்ததற்கே கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். முன்னைய உரிமையாளர் மாற்றினாரா என்பதற்குத் துண்டு இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டரி பூட்டுக்குள் இருக்கிறது. அதற்கென்று சிறிய, வாயுக் குழாய் உள்ள பெட்டரி தேவை. துணிக் கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளித்து வெடிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரியது துரு. கூரையில் விழும் மழைநீர் வழிந்தோட ஆசனங்களுக்குப் பின்னால் சிறு துவாரங்கள் உண்டு. அவை இலை, தூசியால் அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள தகட்டுக்குள் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ற் பளபளக்கும். எங்கள் மழையில் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சாமான் வேறு தலையிடி. ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடும் கார் என்றால் பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் கதவுப் பிடி முதல் கியர் பெட்டி வரை கிடைக்கும். அபூர்வமான காருக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டும். அதுவரை வாகனம் நிற்கும். நின்றாலும் வருடா வருடம் வரவேண்டிய இன்சூரன்ஸும் வருமான உத்தரவுப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் நிற்கப்போவதில்லை.

இதையெல்லாம் சொன்னபோது பையன் புதுக் கதை ஒன்று எடுத்தான். "இது செலவில்லை ஹஸரத், முதலீடு. விலை ஏறிக்கொண்டே போகும்."

அதில் உண்மை இல்லாமலில்லை. 2001ல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தில் ஓடிய 1994ஆம் ஆண்டு டொயோட்டா சுப்ரா, 2021ல் ஏலத்தில் ஐந்தரை இலட்சம் டொலருக்குப் போனது. எங்கள் நாட்டிலும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும் வரை பழைய வாகனங்களின் விலை தலைகால் தெரியாமல் ஏறியது. ஆனால் விலை ஏறுவது கம்பனியில் வந்தபடியே இருக்கும், பதிவுகள் ஒழுங்காக உள்ள கார்களுக்கு. எஞ்சின் மாற்றி, புட்டி பூசி, மூன்று தடவை பெயின்ற் அடித்ததற்கு அல்ல. நான் அவனிடம் வேறொன்று கேட்டேன்: "இலாபத்துக்கு விற்கும் நிய்யத்தோடு வாங்கினால் அது வியாபாரப் பொருள். வருடம் பூர்த்தியானால் சந்தை விலையில் இரண்டரை வீதம் ஸகாத் கொடுப்பாயா?" சொந்தப் பாவனைக் காருக்கு ஸகாத் இல்லை. பையன் உடனே "பாவனைக்குத்தான்" என்றான்!

அடுத்த நாள் தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனான். அவர் கதவுக்குக் கீழே ஸ்குரூ டிரைவரால் தட்டினார். புட்டி கட்டியாய் உதிர்ந்தது. விற்பவரோ, "உள்ளபடி, எல்லாக் குறையோடும் என்றுதான் எழுதியிருக்கிறேன். வேண்டாமென்றால் அட்வான்ஸ் திரும்பாது" என்றாராம்.

இங்கேதான் வாசகரே, எனக்குத் தெரிந்த பாடம் வருகிறது. எங்கள் மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இரண்டுக்கும் சட்டம் இருக்கிறது. வாங்காவிட்டால் முற்பணம் விற்பவருக்கே என்ற நிபந்தனை ஷாபிஈ மத்ஹபில் செல்லாது. ஹன்பலி மத்ஹபில்தான் அனுமதி. "எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை" என்று எழுதி விற்றாலும், மிருகத்தின் உள்ளே மறைந்திருந்து, விற்பவருக்கே தெரியாத குறையிலிருந்துதான் அவர் நீங்குவார். கார் மிருகமல்ல. ஆகவே வாங்கி முடித்த பிறகு பழைய குறை தெரியவந்தாலும் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் தெரிந்தவுடனே திருப்பவேண்டும். குறை தெரிந்த பிறகும் இரண்டு வாரம் ஓட்டித் திரிந்துவிட்டுப் போனால் அந்த உரிமை போய்விடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நீங்கள் அறிந்ததே. புட்டிக்குள் இருக்கும் துருவும் அந்த ஈரம்தான்.

விற்பவரும் எங்கள் சகோதரர்தான். நானும் பையனுமாகப் போய்ப் பேசினோம். முதலில் கோபப்பட்டார். தன் ஊர் ஆலிமிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அது சரியான பேச்சு. பாதிப் பணம் அந்த வாரமே வந்தது. மீதியை இரண்டு ஜும்ஆ கழித்துத் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "காரின் துருவை இனிச் சொல்லித்தான் விற்கப் போகிறேன்" என்றார்.

பையன் இப்போது உம்மாவும் தங்கைமார் இருவரும் ஏறக்கூடிய ஒரு சாதாரணக் கார் பார்த்துக்கொண்டிருக்கிறான். சிவப்புக் காரின் படம் மட்டும் இன்னும் அவனுடைய போனில் இருக்கிறது.