டான்சில் ஆபரேஷன்: இரண்டாம் வாரத்துக்கும் லீவு மிச்சம் வையுங்கள்

நைட் ஷிப்டுக்குப் போகும் அப்பாவுக்குத் தன் பிள்ளை குறட்டை விடுவதே தெரியாது. பகல் முழுக்க லைனில் நின்றுவிட்டு வந்து அசந்து தூங்கும் அம்மாவின் காதிலும் விழாது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளர் வீடுகளில் இது சகஜம். ஊரிலிருந்து பாட்டி வந்து நாலு நாள் தங்கும்போதுதான், "என்னடி, புள்ள இப்படி வாயத் தொறந்துகிட்டு மூச்சு வாங்குது?" என்ற கேள்வியே எழும்.

குறட்டையைக் கவனியுங்கள்

டான்சில் தொண்டையின் இரு பக்கமும் இருப்பது. டார்ச் அடித்தால் தெரியும். அடினாய்டு மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே ஒளிந்திருப்பது. வாயைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. அடினாய்டு 3 முதல் 7 வயதுக்குள் நன்றாகப் பெருத்து, பிறகு சுருங்கத் தொடங்கும். சிறு பிள்ளையின் மூச்சுப்பாதை குறுகலானது. அங்கே இரண்டும் சேர்ந்து பெருத்தால் தூக்கத்தில் காற்று தடைபடும்.

தினமும் குறட்டை, வாயால் மூச்சு, சில நொடி மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தல், தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்குவது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருவது, பகலில் எரிச்சல் ஆகியவை இந்தத் தடையின் அறிகுறிகள். இவற்றோடு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான்" என்று அடி வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே காது மந்தமாக இருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையை விலக்கிவிட்டு, கழுத்துக் குழியும் மார்பும் தெரியும்படி இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போகிறதா என்று இ.என்.டி. டாக்டர் பார்ப்பார். வாயால் சொல்லும் விவரத்தைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.

யாருக்கு ஆபரேஷன்?

டான்சில் பெரிதாக இருப்பது மட்டுமே எடுப்பதற்குக் காரணமாகாது. தொண்டைப் புண்ணுக்கு உலகெங்கும் டாக்டர்கள் பார்க்கும் கணக்கு இது: ஒரு வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருடம் ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 வருடம் ஆண்டுக்கு 3 முறை. அதற்குக் குறைவென்றால் பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கலாம். அலர்ஜி சேர்ந்திருந்தால் மூக்கு ஸ்பிரேயிலேயே சிலருக்குக் குறையும். கொசுவர்த்தி, சாம்பிராணி, பீடிப் புகையைப் படுக்கை அறையிலிருந்து விரட்டுவதும் வைத்தியம்தான்.

தூக்கத்தில் மூச்சுத் தடையென்றால் கணக்கு வேறு. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகளை வைத்து நடந்து, 2013-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் செய்த பிள்ளைகளில் 79 சதவீதத்தினருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை முடிவு சரியானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குத் தானாகவே சரியானது. ஆகவே லேசான தொல்லைக்குக் காத்திருப்பது அலட்சியமல்ல. மூச்சு திணறும் பிள்ளையை வைத்துக்கொண்டு "வளர்ந்தா சரியாயிடும்" என்று காலம் கடத்துவதுதான் அலட்சியம். டான்சிலை எடுத்தால் எதிர்ப்பு சக்தியே போய்விடும் என்ற பயமும் வேண்டாம். அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு நிணநீர்த் திசுக்கள் ஏராளம்.

செலவும் லீவும்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள், பிள்ளைகளுக்கும் சிகிச்சை உண்டு. கார்டில் பிள்ளையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்பென்சரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு சென்னை கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ. தரும் நோய்க்காலப் பணம் தொழிலாளி தானே நோயில் விழுந்தால்தான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எடுக்கும் லீவுக்குக் கிடையாது. தொழிலாளர் சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் சம்பள விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். அதை எந்த நாட்களுக்கு வைப்பது என்பதே இந்தக் கட்டுரையின் முக்கிய விஷயம்.

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை

முழு மயக்கம் கொடுத்து, ஆபரேஷனை வாய் வழியாகவே செய்வதால் வெளியே தையல் இருக்காது. சளி, காய்ச்சல், ஆடும் பல், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு ஆகியவற்றை முன்பே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் அன்று சொந்தபந்தமெல்லாம் வந்து நிற்கும். மூன்றாம் நாள் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், அப்பாவும் டூட்டிக்குப் போய்விடுவார். வலி கூடுவது அப்போதுதான். தொண்டையில் ஆறும் புண்ணின் மேல் வெள்ளை, மஞ்சள் படலம் படிந்திருக்கும். அது சீழ் அல்ல, சுரண்டாதீர்கள். வாய் நாறும், காது வலிக்கும், குரல் மாறும். எல்லாம் எதிர்பார்த்ததே.

ஐந்து முதல் பத்து நாளுக்குள் அந்தப் படலம் உதிரும். சில பிள்ளைகளுக்கு அப்போது ரத்தம் கசியும். தூக்கத்தில் பிள்ளை திரும்பத் திரும்ப விழுங்கினால் உடனே எழுப்பி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பாருங்கள். சிவப்பு ரத்தம் வந்தாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ உட்கார வைத்து, முன்னால் குனியச் சொல்லி, துப்பவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். "நின்னுடுச்சே" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்கள் எப்படி நெருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வழியில் என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வையுங்கள். இந்த நாட்களில் ராத்திரி வீட்டில் விழித்துப் பார்க்கப் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

ஐஸ்கிரீமும் குழைந்த சோறும்

"தொண்டைப் புண்ணுக்கு ஐஸ்கிரீமா?" என்று பாட்டி அதிர்ந்து போவார். கொடுக்கலாம். ஆனால் அதைவிட முக்கியம் தண்ணீர்: இளநீர், மோர், ஆறிய கஞ்சி எதுவானாலும் மடக்கு மடக்காக. குடிக்காத பிள்ளைக்குத் தொண்டை காய்ந்து வலி கூடும். பிறகு குழைந்த பருப்புச் சாதம், பாலில் ஊறிய இட்லி. முறுக்கு, சிப்ஸ், புளிப்பு, காரம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம்.

பாராசிட்டமால் மருந்தை எடைக்கேற்ப, டாக்டர் சொன்ன நேரப்படி கொடுங்கள்; பிள்ளை அழும்வரை காத்திருக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடாது. கோடீன் கலந்த பழைய இருமல் சிரப்பைத் தொடவே வேண்டாம். மூச்சை அடக்கிவிடும் ஆபத்தால், டான்சில் எடுத்த பிள்ளைகளுக்குக் கோடீன் கூடாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2013-இலேயே எச்சரித்தது.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கு அனுப்பலாம். ஆறு வாரமாகியும் குறட்டை நிற்கவில்லையென்றால், குறிப்பாகப் பிள்ளை பருமனாக இருந்தால், புது வீடியோ ஒன்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள்.