தலைமுழுக்கு

தலைமுழுக்கு என்பது தலையில் எண்ணெய் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, பின்னர் சீயக்காய், அரப்பு போன்ற பொருள்களால் அதனை நீக்கி வெந்நீரில் குளிக்கும் வழக்கம் ஆகும். இது எண்ணெய்க் குளியல், எண்ணெய் முழுக்கு, எண்ணெய் நீராட்டு எனவும் அழைக்கப்படுகிறது. நாள்தோறும் உடலுக்கு மட்டும் குளிப்பதும் வாரத்தில் ஓரிரு நாள்கள் மட்டும் தலைக்குக் குளிப்பதும் தமிழரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் பிரிவு ஆகும். தென் மாவட்டங்களில் முன்னதை மேலுக்குக் குளித்தல் என்றும் பின்னதைத் தலைக்குக் குளித்தல், தலைக்கு ஊற்றுதல் என்றும் கூறுவர்.

ஓர் உறவையோ செயலையோ அடியோடு கைவிடுவதையும், இறப்புத் தீட்டுக் கழிய நீராடுவதையும் தலைமுழுகுதல் என்று சொல்வதுண்டு. இக்கட்டுரை அப்பொருள்களைப் பற்றியது அன்று. தலைமுடியில் சேரும் எண்ணெய்ப்பசையைக் கையாளும் முறை என்ற அளவிலேயே தலைமுழுக்கு இங்கு விளக்கப்படுகிறது.

எண்ணெய்ப்பசை தோன்றும் விதம்

தலையில் நாம் எண்ணெய் வைக்காவிட்டாலும் எண்ணெய்ப்பசை ஏற்படும். ஒவ்வொரு முடியின் வேர்ப்பையையும் ஒட்டி நெய்ச் சுரப்பிகள் அமைந்துள்ளன. இச்சுரப்பிகளின் உயிரணுக்கள் கொழுப்பைத் தம்முள் சேர்த்து, முதிர்ந்ததும் உடைந்து, தாமே சுரப்பாக வெளிவருகின்றன. இவ்வாறு வெளிவரும் நெய்யில் ஏறத்தாழ 57 விழுக்காடு முக்கிளிசரைடுகளும் கொழுப்பமிலங்களும், 26 விழுக்காடு மெழுகு எசுத்தர்களும், 12 விழுக்காடு ஸ்குவாலீன் என்னும் நீரகக்கரிமமும் உள்ளன. எஞ்சியது பெரும்பாலும் கொலஸ்டிராலைச் சார்ந்தது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் பெரும்பான்மை முக்கிளிசரைடுகளே. ஆகவே தலை சுரக்கும் நெய்யும் புட்டியில் உள்ள எண்ணெயும் வேதியியல் முறையில் ஒன்றையொன்று நன்கு கரைக்கக்கூடியவை. தலைமுழுக்கின் அடிப்படை இதுவே: உலர்ந்து, தூசுடன் சேர்ந்து தோலில் ஒட்டியிருக்கும் பழைய நெய்யைப் புதிய எண்ணெய் இளக்குகிறது, பின்னர் இரண்டும் சேர்ந்து கழுவப்படுகின்றன.

சுரப்பின் அளவைப் பெரும்பாலும் ஆண்மை இயக்குநீர்கள் தீர்மானிக்கின்றன. சிறுவர்களுக்குக் குறைவாகவும், பூப்புப் பருவத்திற்குப் பின் மிகுதியாகவும், பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னர் மீண்டும் குறைவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். நேரான மெல்லிய முடியில் நெய் விரைவாகக் கீழிறங்கும். சுருள்முடியில் மெதுவாகவே இறங்கும். எனவே ஒரே வீட்டில், ஒரே தண்ணீரில், ஒரே நாளில் தலைக்குக் குளித்த இருவரில் ஒருவருக்கு மறுநாளே பிசுக்கும், மற்றவருக்கு நான்காம் நாளும் வறட்சியும் இருப்பது இயல்பே.

நாள்முறை

ஆண்கள் புதன், சனி ஆகிய நாள்களிலும், பெண்கள் செவ்வாய், வெள்ளி ஆகிய நாள்களிலும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது பரவலான மரபு. ஔவையாரின் ஆத்திசூடியில் சனி நீராடலைப் பற்றிய ஓர் அறிவுரை உண்டு. அங்குச் சனி என்பது கிழமையைக் குறிப்பதாகச் சிலரும், குளிர்ச்சியைக் குறிப்பதாகச் சிலரும் பொருள் கொள்கின்றனர். சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி, எண்ணெய் தேய்த்த நாளில் வெந்நீரில் குளிக்குமாறு கூறுகிறது. தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம், வார முழுக்கை விட்டுவிட்ட வீடுகளிலும் இன்றுவரை நீடிக்கிறது.

கிழமைகளுக்கான சோதிடக் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த ஏற்பாட்டில் ஒரு நடைமுறை ஒழுங்கு தெரிகிறது. இருபாலருக்கும் மூன்று, நான்கு நாள்கள் என இடைவெளி அமைகிறது. வீட்டில் ஆண்களும் பெண்களும் வெவ்வேறு நாள்களில் குளிப்பதால், வெந்நீர் அடுப்பையும் கிணற்றடியையும் ஒரே நேரத்தில் எல்லோரும் நாட வேண்டிய தேவை இல்லை. மரபு இதற்காகவே தோன்றியது என்று சொல்ல இயலாது. ஆயினும் பயன் அவ்வாறே அமைந்தது.

இவ்விடத்தில் மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். வாரம் இருமுறை மட்டும் தலையைக் கழுவிய அக்காலத்தில் எண்ணெய்ப்பசை ஒரு குறையாகவே கருதப்படவில்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையே சீரான தலை. ஏச்சுச் சொல்லாக இருந்தது பரட்டைத் தலை. எண்ணெய் வழியும் தலை என்ற கேலி பின்னால் வந்தது. எண்ணெய்ப்பசையைக் குறைத்துக்கொண்டே தலையைக் கழுவுவதையும் குறைக்க வேண்டும் என்ற இன்றைய விருப்பம், பழைய வழக்கம் எதிர்கொள்ளாத ஒரு சிக்கல். ஆகவே பாட்டி காலத்து முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் இன்றைய எதிர்பார்ப்பு நிறைவேறும் என்று கருதுவது பொருந்தாது.

கழுவும் பொருள்கள்

சீயக்காய் என்பது முட்கள் நிறைந்த ஒரு பற்றுக்கொடியின் காய். இதன் தாவரவியல் பெயர் அகாசியா கான்சின்னா. அண்மைய வகைப்பாட்டில் இது செனிகாலியா ருகேட்டா எனப்படுகிறது. சிகைக்காய் என்பதே சீயக்காய் என மருவியது. இதன் காய்த்தோலில் உள்ள சப்போனின் என்னும் சேர்மங்கள் நீரில் நுரைத்து, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. சப்போனின் மூலக்கூற்றின் ஒரு பகுதி எண்ணெயையும் மற்றொரு பகுதி நீரையும் நாடுவதால், எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து நீருடன் வெளியேறுகிறது. சோப்பு செய்வதும் இதையே. ஆனால் சோப்பு காரத்தன்மை உடையது. சீயக்காய்க் கரைசல் சற்றே அமிலத்தன்மை உடையது. காரத்தில் முடியின் வெளிச் செதில்கள் விரிந்து முடி சொரசொரப்பாகிறது. சீயக்காயில் இந்த விளைவு இல்லை.

சீயக்காய் தனியாகப் பயன்படுத்தப்படுவது அரிது. வெந்தயம், பச்சைப்பயறு, பூந்திக்கொட்டை, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத் தோல் என வீட்டுக்கு வீடு கலவை மாறும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் தரும் வழவழப்பு முடிச் சிக்கலைக் குறைக்கிறது. சோறு வடித்த கஞ்சியில் பொடியைக் கரைப்பது பொருள் அறிந்து செய்த ஏற்பாடு எனலாம். கஞ்சியின் மாவுப்பொருள் கலவையைத் தலையில் ஒழுகாமல் நிறுத்துவதுடன், எண்ணெயின் ஒரு பகுதியைத் தானும் பற்றிக்கொள்கிறது. சீயக்காய்த் தூள் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும், மூக்கில் ஏறினால் தொடர் தும்மலும் உண்டாகும். பல ஊர்களில் மாவு அரைக்கும் ஆலைகள் சீயக்காய்க்கென்று தனி இயந்திரம் வைத்திருப்பது இதனால்தான். பொடியைச் சல்லடையில் நன்றாகச் சலிக்காவிட்டால் திப்பி முடியில் தங்கி, அதுவே அரிப்பை உண்டாக்கும்.

அரப்பு என்பது உசிலை மரத்தின் (அல்பீசியா அமாரா) இலையை உலர்த்தி இடித்த பொடி. வறண்ட நிலங்களில் வளரும் இம்மரத்தின் பெயராலேயே மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி அமைந்தது. அரப்பு சீயக்காயைவிட மென்மையானது. குளிர்ச்சி தரும் என்பது மக்கள் நம்பிக்கை. சீயக்காய்க் கொடி மலைச்சாரல்களில் வளர்வது. உசிலையோ ஊரோரக் காடுகளில் கிடைப்பது. எனவே வானம் பார்த்த பூமியில் காசு கொடுக்காமல் கிடைத்த தலைக்கழுவி அரப்பே.

சங்கரன்கோவிலும் தண்ணீரும்

தலைமுழுக்கில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்று தண்ணீரின் தன்மை. தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில் (2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது) மழை குறைந்த பகுதியில் அமைந்த ஊர். விசைத்தறிகளுக்கும் பூச்சந்தைக்கும் பெயர்பெற்றது. இதுபோன்ற வறண்ட பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புத் தண்ணீராகவே கிடைக்கிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த இந்தக் கடின நீரில் சோப்பு நுரைப்பதில்லை. மாறாக, அவ்வுப்புகளுடன் சேர்ந்து நீரில் கரையாத வெண்மையான பிசுக்காக மாறி முடியில் படிகிறது. குளித்து முடித்த பின்னும் தலை பிசுபிசுப்பாக இருப்பதாக எண்ணி மீண்டும் சோப்புப் போட்டால் பிசுக்கு மேலும் கூடும். எண்ணெய்ப்பசை மிகுந்த தலை என்று பலர் கருதுவது சில வேளைகளில் இந்தச் சோப்புப் பிசுக்கே ஆகும்.

சீயக்காயின் சப்போனினும் ஷாம்புவில் உள்ள சல்பேட்டுகளும் இவ்வாறு வீழ்படிவாவதில்லை. எனவே உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடாமல் இருப்பதே முதல் மாற்றமாக இருக்க வேண்டும். கிடைக்கும் நல்ல தண்ணீர் ஒரு குடம் மட்டுமே என்றால், அதனைத் தொடக்கத்தில் செலவழிக்காமல் கடைசியாக அலசுவதற்கு வைத்துக்கொள்வது சிறந்தது.

தறிக்கூடங்களில் வேலை செய்வோருக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. பறக்கும் பஞ்சுத் தூசு எண்ணெய் வைத்த தலையில் எளிதில் ஒட்டும். நாள்தோறும் தலைக்குக் குளிக்கத் தண்ணீரும் நேரமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வேலை நேரத்தில் தலையில் துணி கட்டிக்கொள்வதும், எண்ணெயை வேலைக்குச் செல்லுமுன் வைக்காமல் குளிப்பதற்கு முன் மட்டும் வைப்பதும் இங்கு எந்தப் பொடியையும்விடப் பயன் தரும்.

சங்கரநாராயணர் கோயிலில் வழங்கப்படும் புற்றுமண், தோல் நோய்கள் தீரும் என்ற நம்பிக்கையில் உடலில் பூசப்படுகிறது. களிமண் எண்ணெயை உறிஞ்சும் என்பது உண்மை; வட இந்தியாவில் முல்தானி மண்ணைத் தலைக்குப் பயன்படுத்துவர். எனினும் புற்றுமண் வழிபாட்டைச் சார்ந்தது, தலைக்கழுவி அன்று. தலையில் புண் இருப்பவர் எந்த மண்ணையும் அதன்மேல் பூசுதல் நன்றன்று.

ஷாம்புவின் வருகை

ஷாம்பு என்ற சொல் அழுத்துதல், பிடித்துவிடுதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. பாட்னாவில் 1759 இல் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடத்திய குளியல் நிலையத்தால் இச்சொல் அங்குப் புகழ்பெற்றது. அப்போது அது உடம்பு பிடித்துவிடுதலையே குறித்தது. முடியைக் கழுவும் பொருள் பின்னர் ஏற்பட்டது. தமிழில் சீயநெய் என்ற சொல் முன்மொழியப்பட்ட போதிலும் ஷாம்பு என்பதே வழக்கில் நிலைத்தது.

புட்டியில் விற்ற ஷாம்பு வசதி படைத்தோரின் பொருளாக இருந்த காலத்தில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் பொருள்களைச் சிறு பொட்டலங்களில் விற்கும் முறையை முன்னெடுத்தார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983 இல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. 1990களின் இறுதியில் 50 காசுக்குப் பொட்டலம் கிடைத்தது. அதே நிறுவனம் சீயக்காய்த் தூளையும் விற்றது என்பது குறிப்பிடத்தக்கது. அரைக்கும் வேலையும் திப்பியும் கண்ணெரிச்சலும் இல்லாத ஷாம்பு, முழுக்கு வேலையில் பெரும்பங்கைச் சுமந்த பெண்களுக்கு ஒரு விடுதலையே. இதனை மறந்துவிட்டுப் பழமையைப் புகழ்வதில் பொருளில்லை.

இடைவெளியை நீட்டித்தல்

தலையைக் கழுவுவதைப் படிப்படியாகக் குறைத்தால் சுரப்பிகள் பழகிக்கொண்டு நெய்யைக் குறைவாகச் சுரக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இதற்கு உறுதியான சான்று இல்லை. சுரப்பை இயக்குவது உள்ளிருக்கும் இயக்குநீர்கள். வெளியே கழுவப்பட்டதா இல்லையா என்பதைச் சுரப்பி அறிவதில்லை. ஆசிய மக்களிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடிக்கடி கழுவுவோருக்கே அரிப்பும் செதில்களும் குறைவு என்று கண்டது. அவ்வாய்வில் ஷாம்பு தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்றிருந்தனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மறுபுறம், வறண்ட முடியும் சுருள்முடியும் உடையோருக்கும், சாயம் பூசிய முடி உடையோருக்கும் குறைவாகக் கழுவுவது நன்மை தருகிறது. ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் எண்ணிக்கை எதுவும் இல்லை.

எண்ணெய்ப்பசை மிகுந்தவர் ஒரு நாளேனும் இடைவெளியை நீட்டிக்க விரும்பினால், முதலில் செய்ய வேண்டியது கழுவும் நாளில் நன்றாகக் கழுவுவதே. ஷாம்புவோ சீயக்காயோ முடியின் நுனிக்கு அன்றி, வேர்ப்பகுதித் தோலுக்குச் செல்ல வேண்டும். நகத்தால் கீறாமல் விரல் நுனியால் தேய்த்து, பிசுக்கு நீங்கும்வரை அலச வேண்டும். முடியை மென்மையாக்கும் பூச்சுகளை நுனிக்கு மட்டும் இட வேண்டும். தலைத்தோல் தானே நெய்யைச் சுரக்கும்போது அதன்மேல் தினமும் எண்ணெய் வைப்பது தேவையற்றது. நுனி வறண்டிருந்தால் அங்கு மட்டும் சில துளிகள் போதும். தேங்காய் எண்ணெய் முடியினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என 2003 இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. எனவே கழுவுவதற்கு முன் முடித்தண்டில் எண்ணெய் பூசுவதில் பயன் உண்டு.

சீப்பையும் தலையணை உறையையும் கழுவாமல் தலையை மட்டும் கழுவுவது அரைகுறை வேலை. பழைய நெய் அவற்றிலிருந்து மீண்டும் முடிக்கு வந்து சேரும். இடைநாளில் வெறும் நீரில் அலசினால் வியர்வையின் உப்பு போகும், நெய் போகாது. சாம்பிராணிப் புகை ஈரத்தை உலர்த்தி மணம் தரும், பிசுக்கை நீக்காது. சோளமாவு போன்ற மாவுப்பொருளை வேர்ப்பகுதியில் சிறிது தூவிச் சீவினால் நெய்யை உறிஞ்சும். கடைகளில் விற்கும் உலர் ஷாம்பு பெரும்பாலும் இவ்வகையே. தெளிப்பான் வடிவ உலர் ஷாம்புகள் சில, பென்சீன் கலந்திருக்கக்கூடும் என்பதால் 2022 இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. சமையல் சோடா காரத்தன்மை உடையது என்பதால் தொடர்ந்து பயன்படுத்தத் தக்கது அன்று.

பொடுகு

தலைத்தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை, நெய்யின் கொழுப்பை உடைத்து உண்கிறது. அப்போது வெளியாகும் ஒலீயிக் அமிலம் சிலருக்கு அரிப்பையும் செதிலையும் உண்டாக்குகிறது. பொடுகு கண்டதும் வறட்சி என்று கருதி எண்ணெயை இரவு முழுதும் ஊறவிடுவது பரவலான பழக்கம். ஆனால் தாவர எண்ணெய்களும் இப்பூஞ்சைக்கு உணவாகின்றன. பொடுகுள்ளவர் தலையைக் கழுவுவதைக் குறைக்கக் கூடாது. மஞ்சள் நிறப் பிசுக்குச் செதில்கள், சிவப்பு, முடி உதிர்வு ஆகியவை காணப்பட்டால் தோல் மருத்துவரை அணுக வேண்டும். இதற்கு அவர்கள் பெரும்பாலும் தரும் கீட்டோகோனசோல் ஷாம்பு, சில நிமிடங்கள் தலையில் ஊறிய பின்னரே அலசப்பட வேண்டும். வழக்கமான அளவு வாரம் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை.