உங்களுக்குத் தெரியுமா? ஷேக்ஸ்பியர் மேடையிலிருந்து ஜுஹூ அரங்குக்கு

இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் 1934இல் பிறந்த நடிகை ஜெனிஃபர் கெண்டல், பெற்றோர் நடத்திய ‘ஷேக்ஸ்பியரானா’ என்னும் சுற்று நாடகக் குழுவில், அதாவது ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகங்களை நிகழ்த்திய குழுவில், இந்தியாவெங்கும் பயணம் செய்து நடித்தார். 1958இல் இந்தி நடிகர் சசி கபூரை மணந்த அவர், மாமனார் பிருத்விராஜ் கபூர் 1944இல் தொடங்கிய நாடகக் குழுவின் பெயராலேயே, மும்பையின் ஜுஹூவில் கணவருடன் இணைந்து 1978இல் பிருத்வி அரங்கை நிறுவினார். மேடையின் மூன்று பக்கங்களிலும் பார்வையாளர்கள் சூழ்ந்து அமரும் அமைப்புடைய அவ்வரங்கு இன்றும் இயங்குகிறது. அபர்ணா சென் இயக்கிய முதல் படமான ‘36 சௌரங்கி லேன்’ (1981) படத்தில், கல்கத்தாவில் தனித்து வாழும் ஆங்கிலோ-இந்திய ஆசிரியையாக நடித்தமைக்காக, பிரித்தானியத் திரைக்கலைக்கழகம் வழங்கும் பாஃப்டா சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அவர், 1984இல் லண்டனில் புற்றுநோயால் காலமானார்.