ஷூவுக்குள் கறுப்பு மணிகள்

பக்கத்து வீட்டுத் தம்பி டீக்கடையில் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். கோயில் விபூதியாக்கும் என்று விரலை நீட்டினேன். உள்ளே எள் போலக் கறுப்பு மணிகள்.

"பையன் ராத்திரி டர்ஃபுல ஃபுட்பால் ஆடிட்டு வர்றான்ணா. ஷூவைத் தட்டினா வீடெல்லாம் இதுதான். உடம்புக்கு ஏதாவது ஆகுமா?"

அது அரைத்த பழைய டயர். டர்ஃபில் விரிக்கிற செயற்கைப் புல்லின் பிளாஸ்டிக் இழைகள் தாமாக நிமிர்ந்து நிற்காது. அடியில் மணல் பரப்பி நிறுத்துவார்கள். அதன்மேல் இந்த மணிகள். விழுகிற முழங்காலைத் தாங்குவது புல் இல்லை, இதுதான்.

டயரில் புற்றுநோயோடு தொடர்புள்ள சில வேதிப்பொருள்கள் உண்டு. பயம் அங்கிருந்து வருகிறது. ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை 2017-ல் ஆராய்ந்துவிட்டு, ஆடுகிறவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றது. அப்படியும் 2031 அக்டோபரோடு இந்த மணிகளின் விற்பனை ஐரோப்பிய ஒன்றியத்தில் நிற்கப்போகிறது. காரணம் வேறு: இவை மழைநீரோடு ஓடி, மண்ணிலும் ஆற்றிலும் நுண்பிளாஸ்டிக்காகத் தங்கிவிடுகின்றன.

"அப்புறம் எதுக்குண்ணா இதைப் போடறாங்க?"

ஐப்பசி மழையில் பள்ளிக்கூட மைதானத்தைப் பார்த்தவர் கேட்கிற கேள்வியா இது! சேறு காய ஒரு வாரம். டர்ஃபில் மழை விட்டதும் ஆடலாம். புல்லுக்கு ஓய்வு வேண்டும். இதில் காலையிலிருந்து நள்ளிரவு வரை அணி மாற்றி அணி இறங்கலாம். ஹாக்கிக்காரர்களிடம் கேட்டால் மட்டும் பெருமூச்சு விடுவார்கள். 1976 மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரைக்கு வந்தது. அதுவரை ஏழு தங்கம் வாங்கிய இந்தியாவுக்கு அங்கே கிடைத்தது ஏழாவது இடம்.

என் கவலை மணி இல்லை, வெயில். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது தெரியாது. உச்சி வெயிலில் தரை 60 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் தெளித்தாலும் கொஞ்ச நேரத்தில் பழைய கதைதான். நம் ஊர் டர்ஃபெல்லாம் ராத்திரியில் நிரம்புவது நல்லதாகப் போயிற்று. கோடை முகாம் என்று பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று, கோல் வாசலில் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மணி குறைந்து போயிருந்தால் கட்டாந்தரை மாதிரி இடிக்கும். அங்கே விழுந்தால் அடி பலம். சறுக்கித் தோல் வழன்றால் அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தம்பி பொட்டலத்தை மடித்தார். கண் கடை ஓரத்துச் சாக்கடைப் பக்கம் போயிற்று.

"அங்கே வேண்டாம். பையன்கிட்ட கொடுத்து டர்ஃபிலேயே கொட்டச் சொல்லுங்க. ஷூவையும் அங்கேயே தட்டிட்டு வரட்டும்."

பொட்டலம் சட்டைப் பைக்குள் போனது. டீ ஆறிவிட்டிருந்தது, இன்னும் இரண்டு சொன்னார்.